முப்பத்தேழு நாற்காலி

ஜனவரி 9

கண்ணாடிக்கு,

கடைசியாக உனக்கு எப்போது எழுதினேன் என்று கேட்டு என் மானத்தை வாங்காதே. போனில் பேசினால் நலமா, நலம், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அத்தைதான் "சரி வைம்மா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று நம்மைக் காப்பாற்றுகிறார். அந்தப் பால் தினமும் அதே நேரத்தில் எப்படி அடுப்பில் இருக்கிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

இப்போது எழுதக் காரணம் கணக்கு. போனில் வட்டம் போட்டுக் காட்ட முடியாது.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் எங்களை மேய்க்கும் பெரியக்கா ஓய்வு பெறுகிறார். அந்த மேற்பார்வையாளர் இடத்துக்கு எழுத்துத் தேர்வு உண்டு. கிடைத்தால் நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டாம். ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கினேன். பின்னட்டையைப் பார்த்தால் உன் அச்சகம். விடைகளைச் சரிபார்த்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் படித்தே அந்தப் பேரை வாங்கிய நீயாகத்தான் இருக்கும் என்று பெருமையாகத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பெருமை போய்விட்டது.

ஒரு குடியிருப்பில் 50 வீடுகள். செய்தித்தாள் வாங்குவது 28 வீடு. வார இதழ் வாங்குவது 17 வீடு. இரண்டும் வாங்குவது 9 வீடு. எதுவும் வாங்காதவை எத்தனை?

நான் கூட்டினேன். 28, 17, 9. ஐம்பத்துநாலு வந்தது. இருப்பதே ஐம்பது வீடு. ஆக, கழித்தல் நாலு வீடுகள் எதுவும் வாங்குவதில்லை. அந்த நாலு வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசித்தால் பயமாக இருக்கிறது. உன் புத்தகம் 14 என்கிறது. நீ தப்பாகப் போட்டுவிட்டாயா, நான் மக்கா? மெதுவாகவே சொல்.

உன் அண்ணி


ஜனவரி 15

அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அம்மா அதைத் துணி மடிக்கும் மேசையில் வைத்து நீவினார், கசங்காத கடிதத்தை. "கணக்குக் கேட்டிருக்காங்கம்மா" என்றேன். "எதையாவது கேக்கட்டும்" என்றார்.

விடை 14 சரிதான். நீங்கள் மக்கும் இல்லை.

ஒருவர் அந்தக் குடியிருப்பில் இரண்டு முறை நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை செய்தித்தாள் வாங்கும் வீட்டுக் கதவுகளில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார். 28 கோடு. இரண்டாம் முறை வார இதழ் வாங்கும் கதவுகளில் மஞ்சள் கோடு. 17. இப்போது 45 கோடுகள் இருக்கின்றன. ஆனால் 45 கதவுகள் இல்லை. ஒன்பது கதவுகளில் இரண்டு கோடும் இருக்கின்றன. அந்த ஒன்பதை நாம் இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒரு முறை கழித்தால் 36 கதவு. ஐம்பதில் மீதி 14.

படமாகப் போடுவதென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு வட்டங்கள். ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் நடுவிலிருந்து தொடங்குங்கள். இரண்டிலும் இருக்கும் ஒன்பதை முதலில் எழுதிவிட்டால், செய்தித்தாள் மட்டும் 28-இல் 9 போக 19, இதழ் மட்டும் 17-இல் 9 போக 8. ஓரத்திலிருந்து தொடங்குகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

ஒன்று கேட்கலாமா? ஒன்பதை ஏன் கூட்டினீர்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை. தப்பு விடைகளைப் பார்ப்பதுதான் அச்சகத்தில் என் வேலை. காரணமில்லாத தப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

இங்கே எல்லாம் அப்படியே. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று அண்ணன் சொன்ன குழாய். அவனுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. சத்தம் கேட்காமலிருக்க அம்மா அடியில் துணி போட்டு வைக்கிறார். படிக்க உட்காரும்போது நான் அதை எடுத்துவிடுகிறேன்.

கண்ணாடி


ஜனவரி 22

கண்ணாடிக்கு,

கோடு, கதவு. இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாய்.

ஏன் கூட்டினேன் என்று நீ கேட்டதை வேலை செய்துகொண்டே யோசித்தேன். கையில் பை இருந்தது. பதிலும் அதில்தான் இருந்தது.

வார்டிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரிப்பது என் வேலை. கறை பட்டது சிவப்புப் பை. கிழிந்தது நீலப் பை. கறையும் கிழிசலும் சேர்ந்து இருந்தால் பச்சைப் பை. "கறை எத்தனை?" என்று பெரியக்கா குரல் கொடுத்தால் சிவப்புப் பையில் இருப்பதை மட்டும் எண்ணிச் சொல்வேன். பச்சையைத் தனியாகச் சொல்வேன். எங்களிடம் ஒரு துணி ஒரு பையில்தான் இருக்கும். மூன்றையும் கூட்டினால்தான் எங்களுக்குக் கணக்கு சரியாக வரும். உன் குடியிருப்பில் ஒரு வீடு இரண்டு பையில் கிடக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்?

பச்சைப் பை எதற்குத் தனியாக என்று கேட்பாய். கறையோடு தைத்துவிட்டால் தையலுக்குள் கறை தங்கிவிடும், பிறகு போகவே போகாது. அதனால் முதலில் ஊறப்போட வேண்டும், அப்புறம்தான் ஊசி. வந்த புதிதில் ஒரு நாள் அழுதுகொண்டே பிரித்துக்கொண்டிருந்தேன். "என்னைய எந்தப் பையில போடுவீங்க பெரியக்கா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பச்சைல போடு. ஊறட்டும். அவசரப்பட்டுத் தைக்காத."

இரண்டிலும் சேர்ந்து இருக்கும் இடத்துக்கு 'வெட்டு' என்று புத்தகத்தில் பேர் போட்டிருக்கிறீர்கள். சேர்ந்து இருப்பதற்குப் போய் அப்படிப் பேர் வைத்தவர் யார்? அவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அடுத்த மூன்று கணக்கும் போட்டு அனுப்பியிருக்கிறேன். வட்டம் கோணாமல் வந்திருக்கிறதா? வெந்நீர் போடும் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பழைய வாஷர் கொடுத்தார், அதை வைத்துச் சுற்றினேன். தினமும் காலையில் சுவரிலுள்ள சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "சூடு போதுமா?" என்று கேட்பார். போதும் என்றால் தலை உள்ளே போய்விடும். அவ்வளவுதான் அவர் பேச்சு. ஆமை என்று பேர் வைத்திருக்கிறோம்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

வட்டங்கள் அச்சில் ஏற்றும் அளவுக்கு வந்திருக்கின்றன. எங்கள் படம் வரைபவரிடம் காட்டினேன், பொறாமைப்பட்டார்.

நடுப்பகுதி மூன்று கணக்கிலும் சரி. ஆனால் மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். வட்டங்களுக்குள் இருப்பவர்களை எண்ணி அதையே மொத்தம் என்று எழுதிவிட்டீர்கள். எதிலும் சேராதவர்களை விட்டுவிட்டீர்கள். இந்த முறை நானே காரணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். கறையும் இல்லாமல் கிழிசலும் இல்லாமல் வரும் விரிப்புக்கு உங்களிடம் பை கிடையாது. சரியா? நேராகத் தண்ணீருக்குப் போய்விடும். பை இல்லாததால் அதை யாரும் எண்ணுவதில்லை.

இங்கே எண்ண வேண்டும். அதற்காகத்தான் வட்டங்களைச் சுற்றி ஒரு கட்டம் போடுகிறோம். கட்டத்துக்குள் இருக்கும் எல்லோரும் கணக்கில் உள்ளவர்கள்தான், வட்டத்துக்கு வெளியே நின்றாலும். விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பச்சைப் பையைப் பற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் பெரியக்காவை அவருக்குப் பிடித்துவிட்டது. "விவரமான பொம்பளை" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த பாடம். புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே ஒரு கணக்கு எழுதி, விடையும் போட்டு அனுப்புங்கள். கேட்கத் தெரிந்துவிட்டால் பதில் தானாக வரும்.

கண்ணாடி


பிப்ரவரி 10

கண்ணாடிக்கு,

பை இல்லாத விரிப்பு. எப்படித்தான் பிடிக்கிறாயோ. இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டில் ஒருத்தி தப்பைப் பார்த்தே ஆளைச் சொல்வாள் என்று.

இதோ என் கணக்கு. சிரிக்காதே.

சலவைப் பிரிவில் 20 பேர். மதிய இடைவேளையில் டீ குடிப்பவர்கள் 13 பேர். பாய்லர் அறையில் ரேடியோ இருக்கிறது, அங்கே போய்ப் பாட்டுக் கேட்பவர்கள் 9 பேர். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டும் கேட்பவர்கள் 2 பேர். இரண்டும் செய்யாதவர்கள் எத்தனை?

விடை: 13-உம் 9-உம் 22. அதில் 2 போக 20. ஆக, இரண்டும் செய்யாதவர் யாரும் இல்லை. பூஜ்யம். கட்டம் போட்டிருக்கிறேன், பார்த்தாயா? வெளியே யாரையும் விடவில்லை.

டீ ஆறிப் போய்விடுகிறது என்று பாய்லர்காரர் சூடான குழாயின் மேல் என் டம்ளரை வைக்க ஒரு வளையம் செய்து கொடுத்திருக்கிறார். நல்ல யோசனை.

அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் அண்ணி


பிப்ரவரி 17

வணக்கம்.

கணக்கு சரி. விடை பூஜ்யம் என்பதும் சரி.

படத்தில் எண்களை மட்டும் எழுதினால் போதும். நடுப்பகுதியில் 2 என்பதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறீர்கள். மற்ற இடங்களில் வைக்கவில்லை. தேர்வில் அப்படி வைக்க வேண்டாம்.

பயிற்சிக்குப் பத்துக் கணக்குகள் இணைத்திருக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.


பிப்ரவரி 25

கண்ணாடிக்கு,

உன் கடிதத்தில் மேலே என் பேர் இல்லை, கீழே உன் பேர் இல்லை. நடுவில் இரண்டு புள்ளி மட்டும் இருக்கிறது.

அந்தப் புள்ளிகளை நான் யோசித்து வைக்கவில்லை. கை வைத்துவிட்டது. நீ தப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிறவள் என்று ஊரெல்லாம் பெருமையடித்த நானே மறந்துவிட்டேன்.

எனவே நேராகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் பாய்லர்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "போதும், சூடு போதும்" என்றேன். தலை உள்ளே போகவில்லை.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க" என்றார். "உங்ககூடவே இருந்துடலாம்னு தோணுது. உங்களுக்கும் தோணுச்சுன்னா சொல்லுங்க. தோணலன்னாலும் காலைல வந்து சூடு போதுமான்னு கேப்பேன். அதுல மாத்தமில்ல."

எனக்குக் கையில் இருந்த விரிப்பு எந்தப் பையில் போக வேண்டும் என்பது மறந்துவிட்டது.

"எங்க வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களக் கேக்கணும்" என்றேன்.

"கேளுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. தண்ணி சூடாகவே ஒரு மணி நேரம் ஆகுது."

அவருக்கு அம்மா அப்பா இல்லை. இரண்டு தங்கைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனக்குக் கல்யாணம் செய்துகொள்ளாமலே நின்றுபோனவர். உன் அண்ணனைப் பற்றி நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. பேச்சை மாற்றிவிடுவார்கள், என் நல்லதுக்கு என்று நினைத்து. இவர் ஒரு தடவை "அவருக்குப் பாட்டு புடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும், ஆனால் பாட வராது, பாடாமலும் இருக்க மாட்டார் என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். உன் அண்ணன் போன பிறகு அவரை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நீயும் அத்தையும் மனசாரச் சரி என்று சொல்லாமல் நான் அவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. மிரட்டுவதாக நினைக்காதே. நீங்கள் இல்லாமல் போகும் இடத்துக்கு எனக்குப் போகத் தெரியாது.

உன் அண்ணி
(இப்படிப் போடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் போட்டேன்.)


மார்ச் 20

கண்ணாடிக்கு,

தேர்வு எழுதினேன். இன்று பேர் ஒட்டினார்கள். இடம் எனக்குத்தான். பெரியக்கா சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே நீ குரல் குடு" என்றார்.

தேர்வில் உன் வட்டக் கணக்கு வந்தது. ஒன்றல்ல, இரண்டு. நடுவிலிருந்து தொடங்கினேன். வெளியே நின்றவர்களையும் எண்ணினேன்.

நீ பதில் போடவில்லை. தபால்காரர் எங்கள் வாசலுக்கு வரும் நேரத்தில் நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வாசலில்தான் நிற்கிறேன். உன் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளட்டுமா? எடுத்துக்கொள்ள முடியும் எனக்கு. இந்த வாரக் கடைசியில் அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அவர் தாங்கிக்கொள்வார். காலையில் சூடு போதுமா என்றும் கேட்பார். எனக்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

உன் மேல் கோபமில்லை.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வாரக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை நான் அம்மாவிடம் காட்டவில்லை. பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் வாக்கியம் ஒழுங்காக வந்தது, உண்மை வரவில்லை. கிழித்துப் போட்டேன். நிறையப் படிக்கிறவளுக்கு இது ஒரு தொல்லை. பெருந்தன்மையான வாக்கியங்கள் நிறையத் தெரியும். மனசு அவ்வளவு பெரிதாக இல்லாதபோது அவை சட்டென்று கைக்கு வந்துவிடும்.

போன வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து சமையலறையில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஏதோ குறைந்தது. என்ன என்று தெரியவில்லை. நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் புரிந்தது. குழாய் சொட்டவில்லை.

அடியில் கையை நீட்டிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு குழாய்க்கு?"

"ஒரு ஆள் வந்து போட்டுட்டுப் போனார்."

"யாரு? எவ்வளவு கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கல. தண்ணி கேட்டார், குடுத்தேன்."

"அண்ணன் பாக்குறேன்னு சொன்ன குழாய்மா அது."

"சொன்னான்" என்றார் அம்மா. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னவன் வரலயே. அதுக்காகச் சொட்டிக்கிட்டே இருக்கணுமா?"

நான் புத்தகத்தை மூடினேன். அவர்தான் பேசினார்.

"அவ கடுதாசி வந்துச்சே, பதில் போட்டியா?"

"போடணும்."

"கணக்குன்னா மட்டும் அன்னைக்கே போடுவ."

"அம்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"எனக்கு எதுக்குத் தெரியணும். உன் மூஞ்சியப் பாத்தா தெரியுது." துணியை உதறி மாட்டினார். "உங்க அண்ணன் போனதும் அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். கூப்பிட்டாங்க. போகல. ரெண்டு வருஷம் இங்கதான் கெடந்தா. அவனுக்காகவா இருந்தா? அவன்தான் இல்லையே. நீ சாப்பிடாமப் படுத்துடுவேன்னு இருந்தா. இப்போ அவ ஒருவேளை சந்தோஷமாச் சாப்பிடறான்னா உனக்கு என்ன வலிக்குது?"

வலித்தது அண்ணி. என்ன வலி என்று அன்றைக்கு நிதானமாகப் பார்த்தேன். அண்ணனை நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று இல்லை. அவன் பாட்டைச் சொல்லி நீங்கள் சிரித்ததைப் படித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வலித்தது வேறு. அவன் வழியாகத்தான் நீங்கள் எனக்கு வந்தீர்கள். இனி இன்னொருவர் வழியாக இன்னொரு வீட்டுக்குப் போவீர்கள். அந்தப் படத்தை வரைந்து பார்த்தேன். உங்கள் ஆட்கள் ஒரு வட்டம். அவருடைய ஆட்கள் ஒரு வட்டம். இறந்துபோனவருடைய தங்கை எதில் வருவாள்? எதிலும் வரவில்லை. கட்டத்தின் ஓரத்தில் நின்றேன். வெளியே நிற்பவர்களும் கணக்கில் உண்டு என்று உங்களுக்கு நான்தான் எழுதினேன். நிற்கும்போது அது அவ்வளவு ஆறுதலாக இல்லை.

ஆனால் அது என் பயம். உங்கள் கணக்குக்கு விடை அதுவல்ல. அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "சரின்னு எழுது. பெரிசா எழுது" என்றார். எழுதுகிறேன்.

சரி.

மேற்பார்வையாளருக்கு வாழ்த்து. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடி


ஏப்ரல் 6

என் கண்ணாடிக்கு,

'சரி' என்பதை நீ எழுதியிருந்த அளவைப் பார்த்தால் வார்டிலிருந்தே படிக்கலாம். அதைச் சுவரில் ஒட்டலாம் என்றேன், ஓய்வு பெற்ற பிறகும் தினமும் வந்து எட்டிப் பார்க்கும் பெரியக்கா விடவில்லை.

காலையில் தலை ஜன்னலில் வந்தது. "சூடு போதுமா?" என்றது. "போதும். எங்க வீட்லயும் சரின்னுட்டாங்க" என்றேன். தலை உள்ளே போய்விட்டது. நான் திகைத்து நிற்கிறேன். ஒரு நிமிஷம் கழித்துக் கதவு வழியாக முழு ஆளாக வந்தார். அவரை முழுசாகப் பார்த்து சலவைப் பிரிவே கைதட்டியது.

மே 12 பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கூடத்தில் மதியச் சாப்பாடு. கூட்டம் வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

கடைசியாக ஒரு கணக்கு. இது புத்தகத்தில் இல்லை, சரிபார்த்து அனுப்பு. என் பக்கம் 24 பேர். அவர் பக்கம் 19 பேர். இரண்டு பக்கத்திலும் வருபவர்கள் 8 பேர். நாற்காலி 37 சொல்லிவிட்டேன்.

நீ சொன்னதில் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதை நேரில் சொல்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

கணக்கைப் போட்டேன். 24-உம் 19-உம் 43. அதில் 8 போக 35. உங்களிடம் 37 இருக்கிறது. தப்பு என்று பென்சிலால் சுழித்தும்விட்டேன். பிறகு நீங்கள் இப்போது அந்தத் தப்பைச் செய்கிறவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. கட்டம் போட்டேன். வட்டங்களுக்கு வெளியே இரண்டு பேர்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதியது இதைத்தானா? எங்களை விட்டுவிடாமல் எண்ணியிருக்கிறீர்கள். நன்றி. நாற்காலி இருக்கிறது, அதுவே நிறைய. அம்மாவிடம் நான் விளக்கவில்லை. அவருக்குப் புரியாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

ஓரத்து நாற்காலிகளாகப் போட்டால் அம்மாவுக்குக் காலை நீட்ட வசதியாக இருக்கும்.

கண்ணாடி


ஏப்ரல் 17

அடி மக்கே,

உன்னை மக்கு என்று எழுத எனக்கு ஒரு நாள் வாய்க்கும் என்று நினைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், சிரிப்பிலா என்று கேட்காதே.

வெளியே நிற்கும் அந்த இரண்டு பேர் வேன் ஓட்டி வருபவரும் படம் எடுப்பவரும். எனக்கும் தெரியாதவர்கள், அவருக்கும் தெரியாதவர்கள். உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கும் நாற்காலி வேண்டாமா? வெளியே இருப்பவர்களை விட்டுவிடாதே என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? சொல்லிக்கொடுத்துவிட்டு அந்த இடத்தில் போய் நீயே நின்றுகொள்கிறாயே.

நீயும் அத்தையும் என் 24-இல் முதல் இரண்டு பேர். உங்களுக்குப் பிறகுதான் என் அம்மாவையே எண்ணினேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.

நடுவில் இருக்கும் எட்டுப் பேர் யார் என்று நீ கேட்கவே இல்லை. நடுவிலிருந்து தொடங்கு என்பாயே? சலவைப் பிரிவு ஆட்கள் ஏழு பேர். அவர்கள் எனக்கும் வேண்டியவர்கள், அவருக்கும் வேண்டியவர்கள். எட்டாவது ஆள் அத்தை.

எனக்கே இது பிறகுதான் தெரியும். மார்ச் நடுவில் அவர் இரண்டு நாள் லீவு போட்டார். பாய்லருக்கு ஏதோ சாமான் வாங்கப் போவதாகச் சொன்னார். ரயிலில் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். நீ வேலைக்குப் போயிருந்தாய். அத்தையிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லையாம். குழாய் சொட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. பேசத் தெரியாத மனுஷன் கையிலிருந்த பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்துவிட்டார். வேலை முடிந்து கை துடைத்த பிறகுதான் தான் யார் என்றே சொல்லியிருக்கிறார். போனில் அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க மருமகள யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலம்மா. அதான் உங்ககிட்ட வந்தேன்னான். மருமக இல்லப்பா, மக. மகளக் கேக்க வர்றவன் இப்படியா குழாயக் கட்டிக்கிட்டு நிப்பான், உக்காந்து கேளுன்னேன். உக்காந்தான். உன் பக்கம் யாரு இருக்கான்னு கேட்டேன். பெரியவங்க யாரும் இல்லன்னான். சரி, என்னைய எழுதிக்கோன்னுட்டேன்."

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ தானா வரணும். நான் இழுத்துட்டு வந்தா அது அவ வந்ததாகாது" என்றார்.

நேரில் சொல்கிறேன் என்றது இதைத்தான். உன்னால் இப்போதே எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் அண்ணி. அடைப்புக்குறி எதுவும் இல்லை.


ஏப்ரல் 23

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். படிக்காமலே, "என்ன, தெரிஞ்சுபோச்சா?" என்றார். "குழாய் நல்லாத்தான் போட்டிருக்கான், பாரு."

திறந்து மூடிப் பார்த்தேன். இரண்டு விரலால் திருகினால் போதும், நின்றுவிடுகிறது. அடியில் இருந்த துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தோடு படித்தே பழகியவள் நான். சில நாள் வாசிப்பு ஓடவில்லை. இப்போது ஓடுகிறது.

பத்தாம் தேதி ரயிலில் வருகிறோம். அம்மா உங்களுக்கு ஒரு புடவையும் அவருக்கு ஒரு சட்டையும் எடுத்திருக்கிறார். சட்டை அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குழாய்க்கு அடியில் குனிந்து நின்றபோதே முதுகைப் பார்த்து வைத்துக்கொண்டாராம்.

எட்டாவது ஆளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் உங்கள் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். அவர் பக்கத்தை 20 ஆக்கிவிடுங்கள், என்னையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் 9 ஆகும்.

போட்டுப் பார்த்துவிட்டேன். நாற்காலி கூடுதலாகச் சொல்ல வேண்டாம். அதே முப்பத்தேழுதான்.

உங்கள் கண்ணாடி